வீடு உழைக்கும்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் கமலாசனி முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். சுட்டுவிரலை மடக்கி, பலாப்பழம் வாங்க வந்தவர்போல இரண்டு தட்டு. காதைச் சரித்து ஒரு கணம். அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரிடம் திரும்பி, "சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்பார். வீட்டுக்காரர் சொல்லும் பதிலைவிடச் சுவர் சொன்ன பதிலில் அவருக்கு நம்பிக்கை அதிகம்.

செத்த வீட்டிலும் இந்தப் பழக்கம் அவரை விடுவதில்லை. போன மாசியில் உருத்திரபுரத்தில் ஒரு பெரியவர் காலமானபோது, பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு வட்டமாய் இருந்து அழுதார்கள். கமலாசனியும் குறைவில்லாமல் அழுதார். அழுகையின் உச்சத்தில் முகத்தை மேலே தூக்கியவர், தூக்கிய முகத்தை அப்படியே கூரையில் விட்டுவிட்டு, பக்கத்தில் அழுதவரின் காதில், "கூரை வளை பாலை மரமோ, முதிரையோ?" என்று கேட்டார். முதிரை என்று தெரிந்த பிறகு மிச்ச அழுகையை அழுது முடித்தார்.

வீடுகளை அவர் 'அது' என்று சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. "ஸ்டேசனடியிலை நிக்கிறவர் நல்லவர். மாரிக்கு மட்டும் மூலையிலை கொஞ்சம் ஒழுகுவார்" என்பார். "பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலை இருக்கிறவரை நம்பாதேங்கோ. வெளியிலை வெள்ளை, உள்ளுக்கை முழுக்கக் கறையான்." புதிதாய்க் கேட்பவர்கள் யாருக்கோ மாப்பிள்ளை பார்க்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதர்களைப் பற்றிப் பேசும்போதுதான் கட்டடக் கணக்கு வரும். வாக்கு மாறுகிறவருக்கு 'அத்திவாரம் இல்லை'. வாய் காவாதவருக்கு 'யன்னல் கூடிப்போச்சு'.

ஐம்பதை எட்டிப்பிடிக்கிற வயது. குட்டையான உருவம். வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கையில் ஒரு கறுப்புக் குடை. அது நிழலுக்கு அல்ல, அளப்பதற்கு. ஓர் அறை எவ்வளவு நீளம் என்று கேட்டால் அடிக்கணக்குச் சொல்லமாட்டார்; "நாலு குடை, ஒரு பிடி" என்பார்.

பிறந்தது அளவெட்டியில். இளவயதில் கலியாணம் பேசி, நகை செய்து, நாளும் வைத்தாயிற்று. கடைசி வாரத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வேறிடத்தில் கூடுதலாய்க் கிடைத்தது. மாப்பிள்ளை போனார், நகை நின்றது. பிறகு இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேற்றத்துக்குப் புறப்பட்ட அண்ணன் அப்புத்துரை, "உவள் இஞ்சை தனிய இருந்து என்ன செய்யப்போறாள்?" என்று தங்கையையும் சட்டி பானைகளோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு உருத்திரபுரம் வந்தார். காடு வெட்டியவர்களும், வரம்பு கட்டியவர்களும், கதிர் அறுத்தவர்களும் சாப்பிட்டது கமலாசனியின் கைச் சோற்றைத்தான். ஆனால் வெளியாட்கள் யாராவது அவரைப் பார்த்து, "நீங்கள் என்ன செய்யிறியள்?" என்று கேட்டால், அண்ணன் மனைவி இராசேஸ்வரி முந்திக்கொள்வார்.

"அவா சும்மா எங்களோடை இருக்கிறா."

கமலாசனி மறுக்கமாட்டார். அந்தச் 'சும்மா'வை மூன்று வேளையும் அடுப்பில் ஏற்றி இறக்கிவைப்பார். மனசுக்கு நெருங்கியவர்களிடம் மட்டும் ஒருதரம் சொல்லியிருக்கிறார்: "நான் கூட்டாத வீடில்லை. எனக்கெண்டு கூட்ட ஒருத்தர் இல்லை."

அந்த ஒருத்தரை அவர் கண்டது அறுபத்தோராம் ஆண்டில். கருவாடு வாங்கக் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனவர், கண்டி வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கையில் ஓடு போட்ட வீடு ஒன்று பூட்டிக் கிடப்பதைப் பார்த்தார். கருவாட்டை மறந்தார். வேலியைத் திறந்துகொண்டு போய்ச் சுவரைத் தட்டினார். முதல் தட்டிலேயே மனம் போய்விட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துக் கொட்டிலிலிருந்து ஒரு பெண் வந்தார். பின்னால், பல் குத்தியபடி அவர் கணவர். வாய்க்கால் வேலையைக் குத்தகைக்கு எடுத்து வந்த கொந்தராத்துக்காரர் அவர். வேலை முடிந்து, சாமான்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, கடைசிக் கணக்கு வாங்கக் கொட்டிலில் தங்கியிருந்தார்.

"இவரை விக்கிறியளோ?" என்று கேட்டார் கமலாசனி.

அந்தப் பெண் திரும்பித் தன் கணவரைப் பார்த்தார்.

வீட்டைத்தான் கேட்கிறார் என்று விளங்க நேரமெடுத்தது. விளங்கிய பிறகு பேச்சு வேகமாய் நடந்தது. வாடகைக்கு விட்டால் குடியிருப்பவரைப் பிறகு எழுப்ப ஏலாது என்று பயந்துதான் வீட்டைப் பூட்டி வைத்திருந்தார்கள். விலையில் மூன்றிலொரு பங்கை அச்சவாரமாகக் கொடுத்தால், மிச்சத்துக்குத் தைப்பொங்கல் வரை பொறுப்பதாகச் சொன்னார் கொந்தராத்துக்காரர். பொங்கல் தாண்டினால் வீடும் இல்லை, அச்சவாரமும் திரும்பாது.

அச்சவாரம் இராசேஸ்வரியின் கழுத்தில் இருந்தது. கமலாசனிக்குச் செய்த அட்டியல் அது. முதலில் ஒரு சாமத்தியச் சடங்குக்கு இரவலாகப் போனது; பிறகு வழக்கமாயிற்று; கடைசியில் 'எங்கடை அட்டியல்' என்று பெயர் மாறி, இராசேஸ்வரியின் மகளுக்கென்று பேச்சிலும் எழுதப்பட்டுவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலால் வந்த இராசேஸ்வரியை முற்றத்திலேயே மறித்தார் கமலாசனி.

"மச்சாள், கழுத்துக் கறுத்துப்போய்க் கிடக்கு. அட்டியல் ஊத்தை பிடிச்சிட்டுது. கழட்டித் தாங்கோ, பூந்திக்கொட்டை நுரையிலை போட்டு மினுக்கித் தாறன்."

இராசேஸ்வரி கழற்றிக் கொடுத்தார். கமலாசனி பொய் சொல்லவில்லை. பூந்திக்கொட்டை நுரையில் போட்டுத் தேய்தேயென்று தேய்த்து மினுக்கினார். மினுங்கிய அட்டியல் அடுத்த சந்தை நாளில் கொந்தராத்துக்காரரின் மனைவி கழுத்துக்குப் போனது. கூடவே கமலாசனியின் பெட்டிக்குள் கிடந்த பதக்கமும் சிமிக்கியும் போயின. காப்பை மட்டும் கமலாசனி வைத்துக்கொண்டார்.

மிச்சப் பணத்துக்கு ஊரில் இருந்த வழி ஒன்றுதான். கிளிநொச்சியில் அரிசி ஆலைக்கு அடுத்த கட்டடத்தில் ஒரு சின்ன ஈட்டுக் கடன் சங்கம் இருந்தது. வாங்கும் வீட்டையே ஈடாக எழுதிக்கொண்டு காசு கொடுப்பார்கள். அதன் செயலாளர் தில்லைநாதன் கண்ணியமான மனிதர். சங்கத்தின் விதிகளைத் தேவாரம்போல ஒப்புவிப்பவர். இரும்புப் பெட்டி, அலுமாரி, மேசை, படலை என்று எல்லாப் பூட்டுகளின் திறப்புகளையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் செருகியிருப்பார். அவர் வருவதற்கு முன் அந்தச் சத்தம் வரும்.

"என்ன உத்தியோகம், பிள்ளை?" என்று கேட்டார் அவர்.

"இல்லை ஐயா."

"வயல்?"

"அண்ணையின்ரை."

"மாடு கன்று?"

"மாடு இருக்கு. பால் கறக்கிறது நான். பால் அண்ணையின்ரை."

"அப்ப உங்களுக்கு உழைப்பு ஒண்டும் இல்லை."

"உழைப்பு நிறைய இருக்கு ஐயா. வருமானந்தான் இல்லை."

தில்லைநாதன் சிரிப்பை மூக்குக் கண்ணாடிக்குள் மறைத்துக்கொண்டு விதியைச் சொன்னார். கடன், சொந்த உழைப்பின் வருமானத்திலிருந்து அடைக்கப்படவேண்டும்.

"நான் அடைக்கப்போறேல்லை ஐயா. வாடகைக்கு விடப்போறன். அவர் உழைச்சு அடைப்பார்."

"எவர்?"

"வீடுதான். அவருக்குக் காய்ச்சல் வராது. லீவு கேக்கமாட்டார். சம்பள நாளிலை கள்ளுத் தவறணைக்குப் போகமாட்டார். உங்களிட்டைக் கடன் வாங்கின ஆக்களிலை இப்பிடி ஒராளைக் காட்டுங்கோ பாப்பம்."

"அந்த வீடு இன்னும் உங்கடை இல்லையே."

"நீங்கள் காசு தந்தால் என்ரைதானே."

"வருமானம் இருந்தாலெல்லோ காசு தரலாம்?"

"வீடு வந்தாலெல்லோ வருமானம் வரும்?"

செக்கு மாடுபோல இருவரும் இதே வட்டத்தை மூன்று தரம் சுற்றினார்கள். முதலில் களைத்தவர் தில்லைநாதன். திறப்புகள் குலுங்க எழுந்து நின்று, "அண்ணரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் கையெழுத்து வைச்சால் யோசிப்பம்" என்றார்.

அண்ணனைக் கூட்டிவந்தால் அட்டியலின் கதை வெளிவரும். அன்று பஸ்ஸில் திரும்பிய கமலாசனி யன்னலோரம் இருந்தும் வழியில் ஒரு வீட்டையும் பார்க்கவில்லை. குடையை மடியில் கிடத்தி அதன் பிடியையே பார்த்துக்கொண்டு வந்தார். பொங்கல் தாண்டினால் நகை போன வீட்டுக்குள்ளும் போகமுடியாது, நகை கொடுத்த வீட்டுக்குள்ளும் முகம் நிமிர்த்தமுடியாது. உருத்திரபுரத்தில் இறங்கி நடக்கும்போது மழை பிடித்தது. குடையை விரிக்கவும் தோன்றவில்லை.

நனைந்த சேலையோடு அடுப்பை மூட்டும்போது, காதுக்குள் இன்னும் அந்தத் திறப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கமலாசனி ஊதுகுழலைக் கீழே வைத்தார். பிறகு தனியே சிரிக்கத் தொடங்கினார். குசினி வாசலில் வந்து நின்ற இராசேஸ்வரி, மச்சாளுக்குக் காய்ச்சல் ஏதும் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்துபோனார்.

அந்த நாட்களில் கிளிநொச்சிக்கு அரசாங்கம் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. நீர்ப்பாசன ஓவசியர் யோகலிங்கம் சீமெந்துக் களஞ்சியத்தில் படுத்தார். முப்பது வயதிலேயே தலை நரைத்துவிட்டது என்று ஒரு பெண் வீட்டார் திரும்பிப் போனார்கள், அது சீமெந்து என்று தெரியாமல். தபால் கந்தோர்க் கிளாக்கர் பாலனுக்கு வெறும் தபால் பைகள்தான் தலையணை. முல்லைத்தீவிலிருந்து மாற்றலாகி வந்த மருத்துவிச்சி புனிதம் பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டின் விறாந்தையில் தாயோடு ஒதுங்கியிருந்தார். அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் இருந்தது அவருடைய சைக்கிளுக்கு மட்டும்தான்.

அடுத்த சந்தை நாளில் கமலாசனி மூவரையும் தனித்தனியே போய்ப் பார்த்தார். மூவரிடமும் சொன்னது ஒன்றையே.

"வீடு இருக்கு. மூண்டு அறை, ஓட்டுக்கூரை, நல்லவர். உங்களுக்குத்தான். திறப்பு மட்டும் தில்லைநாதன் ஐயாவிட்டை இருக்கு. போய்க் கேளுங்கோ."

இது பொய்யா என்று பின்னாளில் ஒருவர் அவரிடம் கேட்டார். கமலாசனி கொஞ்சமும் தடுமாறவில்லை. "அந்த வீட்டை எனக்குத் திறந்துவிட ஏலுமானவர் அவர் ஒராள்தானே? அப்ப திறப்பு ஆரிட்டை இருக்கு?"

முதலில் போனவர் ஓவசியர். சப்பாத்துச் சேறோடு நேரே மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஐயா, அந்த மூண்டு அறை வீட்டுத் திறப்பு."

"எந்த வீடு?"

யோகலிங்கம் குனிந்து அவர் இடுப்பைப் பார்த்தார். "இந்தப் பெரிசாய்த்தான் இருக்கவேணும்."

"அது இரும்புப் பெட்டித் திறப்பு, தம்பி!"

"வேறை ஆருக்கும் குடுக்கிற யோசனையோ?" என்று சந்தேகத்தோடு கேட்டுவிட்டுப் போனார் ஓவசியர். மறுநாளும் வந்தார். அடுத்தவர் பாலன். அவர் கோபக்காரர் அல்லர். அதனால்தான் தொந்தரவு கூடியது. தினமும் சங்கத்துக்கான கடிதங்களை மேசையில் அடுக்கிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். "வேறை ஒண்டுமில்லை ஐயா. அந்தத் திறப்பு..." இரண்டு வாரத்துக்குள், தில்லைநாதன் ஒரு நல்ல வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு உத்தியோகத்தரை வருத்துகிறார் என்று சந்தையில் கதை கட்டிவிட்டார்கள். தெருவில் திறப்புச் சத்தம் கேட்டால் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வளையத்தைச் சால்வையால் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

மருத்துவிச்சி புனிதம் சங்கத்துப் பக்கமே போகவில்லை. தில்லைநாதனின் வீட்டுக்குப் போனார். அவருடைய மகள் முதற் பிள்ளைக்கு வந்திருந்தாள். வயிற்றைப் பார்த்து முடித்து, கை கழுவிக்கொண்டே புனிதம் சொன்னார்:

"பிள்ளையின்ரை தலை திரும்பியிட்டுது. மார்கழி கடைசியிலை இருக்கும். ஆனால் நான் அப்ப இஞ்சை இருப்பனோ தெரியேல்லை."

"ஐயோ, ஏன் மிஸி?" என்றார் தில்லைநாதனின் மனைவி.

"இருக்க வீடில்லையே. பூநகரிக்கு மாற்றம் கேக்க யோசிக்கிறன். இஞ்சை ஒரு வீடு இருக்குதாம். உங்கடை அவர்தான் திறப்பைத் தாறாரில்லை."

கமலாசனி சொல்லிக்கொடுத்தது திறப்பு வரைக்கும்தான். பூநகரியைச் சேர்த்தது மிஸியின் சொந்தக் கைவேலை. பூநகரிக்கு அந்நாளில் பஸ் எப்போது போகும், போனது எப்போது திரும்பும் என்று கடவுளுக்கே தெரியாது. மாலையில் களைத்து வந்த தில்லைநாதனுக்கு மனைவி தேநீர் கொடுக்கவில்லை.

"ஆரின்ரையோ வீட்டுத் திறப்பை இடுப்பிலை கட்டிக்கொண்டு ஊரெல்லாம் திரியிறியளாம்! அதைக் குடுத்துத் துலையுங்கோவன்! என்ரை பிள்ளை பிள்ளை பெறுற நேரத்திலையோ உங்களுக்கு இந்த விளையாட்டு?"

அவர் வளையத்தைக் கழற்றி மேசையில் பரப்பி, ஒவ்வொரு திறப்பாகக் காட்டி, எது எதற்கு என்று விளக்கினார். மனைவி நம்பவில்லை.

மறுநாள் கமலாசனிக்கு ஆள் வந்தது. அவர் சங்கத்துக்குப் போனபோது மிஸியும் அங்கே இருந்தார். தில்லைநாதன் இளைத்துப்போயிருந்தார்.

"பிள்ளை, நான் உமக்கு என்ன குற்றம் செய்தனான்?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லையே ஐயா. அதுதானே கரைச்சல்."

"எனக்குத் தரக்கூடாதெண்டு இல்லை. கொமிட்டியிலை கேப்பினம், ஆரின்ரை உழைப்பிலை கடன் அடையும் எண்டு. நான் என்ன சொல்லுறது?"

புனிதம் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "நான் சம்பளக்காரி. வாடகையை மாதா மாதம் நானே கொண்டுவந்து இந்த மேசையிலை கட்டுறன். அக்கா அதைக் கண்ணாலையும் காணத் தேவையில்லை."

தில்லைநாதன் விதியை மறுபடி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "சொந்த உழைப்பின் வருமானம் எண்டெல்லோ கிடக்கு."

"மிஸியின்ரை உழைப்பு மிஸிக்குச் சொந்தந்தானே ஐயா?" என்றார் கமலாசனி மெதுவாக. "ஆருக்குச் சொந்தமாய் இருக்கவேணும் எண்டு அதிலை கிடக்கோ?"

கிடக்கவில்லை. இத்தனை வருடமாய் ஒப்புவித்த விதியில் இப்படி ஓர் ஓட்டை இருந்ததை அவர் அன்றைக்குத்தான் கண்டார். ஆனாலும் லேசில் விடவில்லை. "மிஸிக்கு மாற்றம் வந்தால்?"

"ஓவசியர் நிக்கிறார்."

"அவரும் போனால்?"

"கிளாக்கர் நிக்கிறார். அரசாங்கம் ஆக்களை மாத்தும் ஐயா. வீட்டை மாத்தாது."

தில்லைநாதன் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்க, திறப்புகள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்டிப்பானார். மூன்று மாதம் தொடர்ந்து கட்டாவிட்டால் வீட்டைச் சங்கம் எடுத்துக்கொள்ளும், பிறகு அழுது பயனில்லை என்றார். கமலாசனியின் முகத்தில் விளையாட்டு அப்போது மட்டும் இல்லை. "விளங்குது ஐயா," என்று சொல்லி, குடையைச் சுவரில் சாத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பொங்கலுக்கு முந்திய வாரம் நொத்தாரிசு முன்னிலையில் வீட்டு உறுதி எழுதி முடிந்தது. தில்லைநாதனுக்குப் பேத்தி பிறந்தாள்.

வீடு கிடைத்த நாளில் வேறொரு சிக்கல் வண்டியில் வந்து இறங்கியது. ஓவசியர் கட்டிலோடு வந்தார். கிளாக்கர் பெட்டியோடு வந்தார். மிஸி தாயையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூவரிடமும் 'உங்களுக்குத்தான்' என்று சொல்லியிருந்தாரே! வாசலில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கமலாசனி எதுவும் நடக்காததுபோல் குடையால் உள்ளே அளந்துகொண்டு போனார். முன்னறை இரண்டும் குசினியும் மிஸிக்கு. பின்னறை இரு இளந்தாரிகளுக்கும்.

"தம்பி, இந்த விறாந்தை நடுவிலை ஒரு சுவர் இருந்தால் மிஸிக்கும் மரியாதை, உங்களுக்கும் மரியாதை," என்றார் ஓவசியரிடம். "உங்களுக்குத் தெரியாத சுவரோ?"

களஞ்சியத்துக்குத் திரும்பிப் போகிற பயத்தில் யோகலிங்கம் தன் செலவில் கல் வாங்கித் தன் கையாலேயே சுவர் கட்டினார். முடிந்ததும் கமலாசனி வந்து தட்டிப் பார்த்தார். காதைச் சரித்தார்.

"இவர் கீழ்ப்பக்கம் கொஞ்சம் பொய் சொல்லுறார், தம்பி."

ஓவசியர் கீழ்ப்பக்கத்தை இடித்து மறுபடி கட்டினார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, உருத்திரபுரத்தில் இராசேஸ்வரி அட்டியலைத் தேடிக்கொண்டே இருந்தார்.

"மச்சாள், இன்னும் மினுக்கி முடியேல்லையோ?"

"மினுங்குது மச்சாள், மினுங்குது."

மாசியில் ஒரு கலியாண வீடு வந்தது. இனிப் பொறுக்கமுடியாது என்று இராசேஸ்வரி கணவரையும் கூட்டிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். கமலாசனி கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்கோ, காட்டுறன்," என்று இருவரையும் பஸ்ஸில் ஏற்றினார். ஒழுங்கைக்குள் கூட்டிவந்து வேலியைத் திறந்தார். புதிதாய் வெள்ளையடித்த சுவர் காலை வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

"இந்தா மச்சாள், அட்டியல். உங்கடை கழுத்திலை கிடந்ததிலும் இப்ப நல்லாய் மினுங்குதெல்லோ?"

இராசேஸ்வரி தன் கழுத்தைத் தடவிப் பார்த்தபடி அங்கேயே நின்றார். அப்புத்துரை வீட்டை ஒருதரம் சுற்றி வந்தார். இரண்டாம் தரம் சுற்றும்போது அவருக்குக் குரல் வந்தது.

"உனக்கு ஆர் கடன் தந்தது? உனக்கென்ன உழைப்பிருக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணை. அதைத்தான் நானும் அவையளுக்குச் சொன்னனான்."

யன்னலுக்குப் பின்னால் மிஸியின் தாய் இருமினார். அது இருமல் இல்லை. அப்புத்துரை குரலைத் தாழ்த்தி, அண்ணனுக்குரிய பொறுப்பை எடுத்துக்கொண்டார். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வாடகையை இனி நான் வந்து வாங்கி வைக்கிறன். பொம்பிளை தனியக் காசு பாக்கிறது வடிவில்லை."

"ஓம் அண்ணை. அதுவும் தில்லைநாதன் ஐயாவிட்டைத்தான் இருக்கு. போய்க் கேளுங்கோ."

அப்புத்துரை உண்மையாகவே போனார். தில்லைநாதன் சங்க வாசலில் நின்றிருந்தார். முன்பின் தெரியாத அப்புத்துரை, "கமலாசனி அனுப்பினவ, உங்களிட்டை இருக்குதாம்..." என்று தொடங்கியதுமே, அவர் இரண்டு கையாலும் இடுப்பைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்.

அன்று பின்னேரப் பஸ்ஸில் உருத்திரபுரத்துக்கு இரண்டு பேர்தான் திரும்பினார்கள். கமலாசனி வீட்டுப் பின்புறத்தில் சாமான் போடுகிற சின்ன அறையைக் கூட்டினார். இரண்டு தரம் கூட்டினார். இரண்டாம் தரம் கூட்ட அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

இராசேஸ்வரி நெடுநாள் பேசாமல் இருந்தார். மகளின் கலியாணத்தன்று, கூப்பிடாமலே வந்த கமலாசனி, மறைத்து வைத்திருந்த காப்பை எடுத்து மருமகளின் கையில் போட்டுவிட்டார். இராசேஸ்வரி மூக்கைச் சிந்திவிட்டு, "சாப்பிட்டிட்டுப் போங்கோ மச்சாள்," என்றார். கமலாசனி பந்தியில் முதல் வரிசையில் இருந்து சாப்பிட்டார். பந்தல் வளைகளைப் பற்றியும் இரண்டு குறை சொன்னார்.

இப்போது ஓவசியர் கலியாணம் முடித்துச் செட்டிகுளத்துக்குப் போய்விட்டார். பாலனும் மாற்றலாகிவிட்டார். அவர்கள் இடத்தில் வேறு இரண்டு பேர். மிஸி மட்டும் இன்னும் முன்னறையில். சம்பளத்துக்கு மறுநாள் சைக்கிளில் சங்கத்துக்குப் போய்வருகிறார். கடன் பாதியளவு அடைந்திருக்கிறது. பின்னறை வாடகையில் கமலாசனி சாப்பிடுகிறார், ஓடு மாற்றுகிறார். பக்கத்துக் காணியில் அரைகுறையாய் நிற்கும் ஒருவரை வேலிக்கு மேலால் அடிக்கடி சுகம் விசாரிக்கிறார்.

பசளை வாங்கக் கிளிநொச்சிக்கு வரும் நாட்களில் அப்புத்துரை தங்கையைப் பார்க்காமல் போவதில்லை. போன கிழமையும் வந்திருந்தார். வீட்டில் சமையலுக்கு வருகிற ஆட்கள் யாருமே நிலைப்பதில்லை, இராசேஸ்வரிக்குப் புகை ஒத்துக்கொள்வதில்லை, சொதி என்று ஒன்றை வைக்கிறார்கள், அது வாயில் வைக்க ஏலாது என்று நெடுநேரம் கதைத்தார். "நீ இஞ்சை தனியக் கிடந்து என்ன செய்யிறாய்? வாவன் அங்காலை," என்றார். கமலாசனி எல்லாவற்றுக்கும் "ஓம் அண்ணை, ஓம்" என்று சொல்லிக்கொண்டு தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நல்ல சாயம், நல்ல இனிப்பு, அண்ணனுக்குப் பிடித்த மாதிரி.

குடித்து முடித்த அப்புத்துரை, பேச்சை நிறுத்தாமலே, வெறுங் கோப்பையைத் தங்கை இருந்த பக்கமாய் நீட்டினார். அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கோப்பை தானாக மறைந்துவிடும் என்று காத்திருந்தார். மறையவில்லை. கை நோகத் தொடங்கியதும் திரும்பிப் பார்த்தார். கமலாசனி கதிரையில் நன்றாகச் சாய்ந்திருந்து, கண்ணால் கிணற்றடியைக் காட்டினார்.

அப்புத்துரை கோப்பையைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், சால்வையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்து நடந்தார். தண்ணீர் அள்ளுகிற துலாக்கயிறு அவர் கைக்கு எட்டாத பக்கம் போய் நின்றது. கமலாசனி எழுந்து வந்தார். கயிற்றை இழுத்து அண்ணன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப்போய்க் கதிரையில் இருந்துகொண்டார்.